பரஸ்தானம் போன நாய்

எங்கள் நாயைச் சுடப்போகிறார்கள் என்பதை எங்களுக்கு மரியாதையாகத்தான் அறிவித்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை தமுக்குக்காரன் எங்கள் சந்தின் முனையில் வந்து நின்றான். வருகிற திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து கண்டிப் பட்டணத்துத் தெருக்களில் கட்டில்லாமல் திரியும் நாய் எதுவானாலும் கண்ட இடத்தில் சுடப்படும் என்று முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் சொன்னான். இரண்டு பாஷையையும் முன்வரிசையில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டது எங்கள் ஜட்சு ஒன்றுதான். முடிந்ததும் எழுந்து, தமுக்கை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, தெருவின் நடுவில், கட்டில்லாமல், திரியப் போய்விட்டது.

எங்கள் வீட்டில் நாய்கள் இரண்டு. வெள்ளச்சிக்கு வயதாகிவிட்டது; காதும் கேட்காது. அடுப்புச் சாம்பலில் படுத்த இடத்தைவிட்டு எழுந்து மூன்று வருஷம் ஆகிறது. அம்மா உலை வைக்கும்போதெல்லாம் அதை ஓர் அம்மிக்கல் மாதிரி நகர்த்திவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவாள். அதைச் சுட வேண்டுமென்றால் துப்பாக்கிக்காரன் எங்கள் அடுப்படிக்கு வந்து சோறு வெந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் சுட வேண்டும். மற்றது ஜட்சு. இரண்டு பேர் சண்டை போட்டால் நடுவில் உட்கார்ந்து இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்க்கும். தீர்ப்புச் சொல்ல வேண்டிய நேரத்தில் தூங்கிப்போகும். அதனால்தான் அந்தப் பெயர்.

கட்டிப்போட்டால் போகிறது என்று நீங்கள் சொல்வீர்கள். தமுக்குக்காரனும் அதையேதான் சொன்னான். தென்னந்தும்புக் கயிற்றில் கட்டினால் ஜட்சு கயிற்றைத் தின்றுவிடும். சங்கிலியில் கட்டினால் ஊளையிடும். நாய் ஊளையிட்டால் வீட்டில் சாவு விழும் என்பது அப்பாவின் சாஸ்திரம். ஆகவே ஊளை தொடங்கிய அடுத்த நிமிஷம் அப்பாவே ஓடிவந்து அவிழ்த்துவிடுவார். இந்த ஏற்பாடு ஜட்சுவுக்கு நன்றாகத் தெரியும்.

அப்பா, சின்னமுத்துப்பிள்ளை, கோப்பி மூட்டைகளைச் சேர்த்துவைக்கும் கிட்டங்கியில் கணக்கப்பிள்ளை. கோப்பிச் செடிகளின் இலையில் மஞ்சள் தூள் படிந்து தோட்டம் தோட்டமாகப் பட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. கிட்டங்கித் துரை அதற்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். அப்பா பஞ்சாங்கத்தில் காரணம் தேடிக்கொண்டிருந்தார். இரண்டு பேரில் அப்பாதான் நிம்மதியாக இருந்தார்.

அன்று மாலை அம்மாதான் வழி சொன்னாள். வத்தேகமவில் நல்லம்மா அத்தை இருக்கிறாள், அப்பாவின் தங்கை. அவள் வீடு தோட்டத்துக்குள்ளே. அங்கே தமுக்கும் இல்லை, சுடுகிறவனும் இல்லை. நாயைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரலாம். ஒரு நாய்க்காக நான் பயணம் போகிறதா என்று அப்பா கேட்டார். பிறகு, தங்கச்சியைப் பார்த்தும் ரொம்ப நாளாயிற்று என்று அவரே சொன்னார். பஞ்சாங்கம் வெளியே வந்தது.

இந்த இடத்தில் நான் கொதிக்கத் தொடங்கினேன்; இன்னும் ஆறவில்லை. வத்தேகம எங்களுக்கு வடகிழக்கு. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். திங்களும் சனியும் கிழக்கே சூலம். ஒரு மனிதன் ஒரு திசையில்தான் போக முடியும் என்று உலகம் நினைத்துக்கொண்டிருக்க, அப்பா வடக்குக்கும் கிழக்குக்கும் சேர்த்து நாள் தள்ளினார். மிஞ்சியது வியாழன், வெள்ளி, ஞாயிறு. வியாழக்கிழமை காலையில் அருமையான நேரம் இருந்தது. ஆனால் துரை வெள்ளியும் சனியும்தான் லீவு கொடுத்தார்; ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டால் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப முடியாது. வெள்ளிக்கிழமை காலையிலோ நேரம் சரியில்லை. நான் ஒருவன் நாயைக் கூட்டிக்கொண்டு முன்னால் நடந்துவிடுகிறேன் என்றேன். குடும்பத்துக்கு நாள் பார்த்த பிறகு ஒருவன் மட்டும் முந்திப் போனால் மற்றவர்களின் பயணம் கெட்டுப்போகுமாம்.

இதற்கெல்லாம் எங்கள் ஆட்களிடம் ஒரு மருந்து உண்டு. பரஸ்தானம் என்று பெயர். நல்ல நேரம் ஒரு நாளிலும் நமக்கு ஒழிவு இன்னொரு நாளிலும் வந்தால், நல்ல நேரத்தில் நம்முடைய துணி ஒன்றை மூட்டையாகக் கட்டி, போகிற திசையில் இருக்கிற யாராவது வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அத்துடன் பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். பிறகு மூன்று நாளைக்குள் எந்தக் கெட்ட நேரத்திலும் புறப்பட்டு, வழியில் மூட்டையை எடுத்துக்கொண்டு போகலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று. வைத்த மூட்டை வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாது. வந்தால் பயணம் செத்தது.

வடகிழக்கே எங்களுக்குத் தெரிந்த ஒரே வீடு ஆஸியா உம்மாவின் வீடு. அவருடைய மகன் ஹபீல் நானா பொதிமாடுகளில் தோட்டங்களுக்கு அரிசி ஏற்றிப்போய், வரும்போது கோப்பி ஏற்றிவருகிறவர். அந்த வீட்டு விறாந்தையில் எங்கள் மூட்டைகளுக்கென்றே ஓர் ஆணி இருந்தது. ஆஸியா உம்மா இந்தச் சாஸ்திரத்தை நம்புகிறவர் இல்லை. ஆனாலும் பதினைந்து வருஷமாக எங்கள் துணியை ஆணியில் மாட்டி, எங்கள் பயணங்களைத் தொடக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை அப்பாவின் வேட்டியும் சால்வையும் மூட்டையாகி ஆணிக்குப் போயின. அம்மா மறுநாளைக்குக் கட்டுச்சோறு தயார் செய்தாள். புளியைக் கரைத்துக் காய்ச்சி, நல்லெண்ணெயில் மிளகாயும் கடலைப்பருப்பும் தாளித்து, சோற்றை ஆறவைத்துக் கிளறி, வாழையிலையை அனலில் வாட்டிப் பொட்டலம் கட்டினாள். வெள்ளச்சி மூன்று தடவை நகர்த்தப்பட்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஜட்சு வாசலில் வந்து நின்றது. வாயில் மூட்டை. அதை அப்பாவின் காலடியில் வைத்துவிட்டு, உட்கார்ந்து, வாலை ஆட்டி, என் முகத்தைப் பார்த்தது.

அது ஏன் என் முகத்தைப் பார்த்தது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. நான் தங்கிப் படிக்கும் கல்லூரியின் தலைவரிடம் ஒரு நாய் உண்டு. அவர் ஒரு குச்சியை எறிவார். அது ஓடிப்போய் எடுத்துவரும். அவர் மறுபடி எறிவார். இரண்டு பேருக்கும் வேறு வேலை இல்லை. விடுமுறைக்கு வந்தபோது இந்த வித்தையை நானும் ஜட்சுவுக்குப் பழக்கினேன். எங்கள் வீட்டில் குச்சி கிடைத்தால் அடுப்புக்குத்தான் போகும். அதனால் அப்பாவின் பழைய வேட்டியை மூட்டையாகக் கட்டி எறிந்தேன். பிறகு ஒளித்துவைத்தேன். பிறகு அடுத்த சந்தில் போய் வைத்தேன். எங்கே இருந்தாலும் மோப்பம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஒரு துண்டு மாசிக் கருவாடு. பத்து நாளில் தேறிவிட்டது. கல்லூரியில் நான் எதிலும் அவ்வளவு சீக்கிரம் தேறியதில்லை.

அப்பாவுக்கு இது தெரியாது. அவர் மூட்டையைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். கைகள் தானாகக் குவிந்தன.

“பைரவரோட வாகனம். அவரே போக வேணாங்கிறாரு. அதுக்கு மேல நாம யாரு?”

“அப்ப இந்தச் சோத்த யாரு திங்கிறது?” என்று கேட்டாள் அம்மா. “பைரவரா?”

வெள்ளிக்கிழமை காலை, பயணம் போகாமலே, அடுப்பிலிருந்து நாலு அடி தள்ளி உட்கார்ந்து, கட்டுச்சோற்றைப் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டோம். அதைத் தட்டில் போட்டுச் சாப்பிடலாம் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

அம்மா கரண்டியைத் தரையில் வைத்த ஓசையைக் கேட்டு அப்பா மறுபடி பஞ்சாங்கத்தைப் பிரித்தார். அன்று சாயங்காலமும் ஒரு நல்ல நேரம் இருந்தது. அதில் பரஸ்தானம் வைத்துவிட்டால் சனிக்கிழமை, சூலத்தின் நடுவிலேயே, துணிந்து போகலாம். இந்தத் தடவை மூட்டையை வீட்டுக்கு உள்ளே, மேல் ஆணியில் மாட்டச் சொல்லி ஆஸியா உம்மாவிடம் கேட்டுக்கொண்டார். அம்மா புளியை ஊறவைத்தாள்.

நான் ஜட்சுவைக் கயிற்றில் கட்டினேன். கயிற்றைத் தின்றது. போனது. கொண்டுவந்தது.

பின்னாலேயே ஆஸியா உம்மா வந்தார். முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வெளியே நின்றார்; உள்ளே வரவில்லை. அவர்கள் மார்க்கத்தில் நாயின் எச்சில் பட்டால் அந்த இடத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணிட்டு. நேற்று விறாந்தைத் தூணைக் கழுவியிருந்தார். இன்று உள்வீடு. மேல் ஆணிக்கு எட்டுவதற்காக ஜட்சு கதிரையில் ஏறி, அலுமாரி மேலே கால் வைத்திருந்தது. கதிரை, அலுமாரி, சுவர், நிலை என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னபோது நான் மனசுக்குள் ஏழால் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

“பதினஞ்சு வருஷமா ஒங்கட மூட்டைய வெச்சித் தாறன், ஒரு வார்த்த பேசல்ல,” என்று அப்பாவிடம் சொன்னார். “ஒங்கட பயணம் ஒங்கட நாய்க்கே பிடிக்கல்ல எண்டா, நான் என்னத்துக்குக் கதிரையக் கழுவோணும்?”

 அப்பா தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டார். உள்ளே வந்து, பைரவர் இரண்டு தரம் சொல்லிவிட்டார், மூன்றாம் தரம் கேட்பது அகங்காரம், இனி அடுத்த வளர்பிறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, பஞ்சாங்கத்தை மூடி எரவாணத்தில் செருகினார். அடுத்த வளர்பிறைக்குப் பன்னிரண்டு நாள். திங்கட்கிழமைக்கு மூன்று.

சனிக்கிழமை முழுவதும் நான் வாதாடினேன். சுடுகிறவனிடம் பஞ்சாங்கம் கிடையாது என்றேன். தமுக்கடித்தவன் வளர்பிறை பார்த்து அடிக்கவில்லை என்றேன். ஒரு நாயைக் காப்பாற்றக்கூட நல்ல நேரம் வேண்டும், கொல்வதற்கு மட்டும் எந்த நேரமும் நல்ல நேரமா என்றேன். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். ஜட்சு எங்கள் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனது. அதன் உயிரைப் பற்றிய வழக்கிலும் அது தூங்கியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அப்பா மட்டும் ஒரு தடவை குனிந்து அதன் காதிலிருந்து ஓர் உண்ணியைப் பிடுங்கி எறிந்தார். பிறகு எழுந்து போய்விட்டார்.

அடுப்படியில் அம்மாவிடம் போய், நான் பழக்கிய வித்தைதான் இது என்று அப்பாவிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

“சொல்லு,” என்றாள் அம்மா. “பைரவரோட வாகனத்துக்கு மாசித்துண்டு குடுத்து மூட்ட தூக்கப் பழக்குனேன்னு சொல்லு. நாய்க்கு முந்தி ஒனக்குத் தமுக்கடிப்பாரு.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நீ பழக்குனது. நீயே வழி பாரு.”

சொல்லிவிட்டு வெள்ளச்சியை நகர்த்தினாள். புளியை எடுத்து ஊறப்போட்டாள். பயணம் இல்லை என்று வீட்டுத்தலைவர் சொன்ன பிறகு ஒருத்தி கட்டுச்சோற்றுக்குப் புளி ஊறவைக்கிறாள் என்றால், அதைவிடப் பெரிய உத்தரவு எனக்குத் தேவையில்லை.

ஞாயிறு காலை ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே நல்ல நேரம். ஆறரைக்கே எரவாணத்திலிருந்து பஞ்சாங்கத்தை உருவிப் பார்த்துவைத்துவிட்டேன். அப்பாவின் சால்வையை எடுத்து ஜட்சுவின் கழுத்தில் நன்றாக முடிந்தேன். அதைக் கூட்டிக்கொண்டு போய் ஆஸியா உம்மாவின் வீட்டுக்கு முன்னால், அவர் கழுவிய தூணுக்குப் பத்தடி தள்ளி நின்றேன்.

“உம்மா, பரஸ்தானம் வைக்க வந்திருக்கேன்.”

“மூட்டை எங்க?”

“இதுதான் உம்மா.”

அவர் நாயைப் பார்த்தார். சால்வையைப் பார்த்தார். அவர் என்னைத் திட்டுவதற்கு மூச்சை இழுத்தபோது, நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாசித்துண்டு, பழைய வேட்டி, அடுத்த சந்து, திங்கட்கிழமை. வாழ்க்கையில் அவ்வளவு உண்மையை ஒரே மூச்சில் நான் பேசியதில்லை. 

“அதுட எச்சில் எங்களுக்கு ஆகாது எண்டுதான் சொல்லி ஈக்கி மகன்,” என்றார் கடைசியில். “அது சாகோணும் எண்டு யாரும் சொல்லல்ல. ஊட்டுப் பக்கம் வரப்படாது. மாட்டுப் பட்டியில கொண்டுபோய்க் கட்டுங்க.”

பட்டியில் ஹபீல் நானா மாடுகளுக்கு அரிசிப் பொதி ஏற்றிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் வத்தேகமப் பக்கத் தோட்டங்களுக்குத்தான் போகிறார், நல்லம்மா அத்தையின் தோட்டமும் அதில் ஒன்று. நான் ஜட்சுவை ஒரு மாட்டுச் சங்கிலியில் கட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அப்பா குளித்து, திருநீறு பூசி, போர்த்திக்கொள்ளச் சால்வையைத் தேடிக்கொண்டிருந்தார். சால்வை நல்ல நேரத்தில் பரஸ்தானம் போய்விட்டது என்றேன். எப்படிப் போயிற்று என்று கேட்டார். ஜட்சுவின் கழுத்தில் போயிற்று என்றேன். அப்பாவின் முகம் எங்கள் கோப்பிச்செடி மாதிரி மஞ்சளாகிக்கொண்டு வந்தது. உயிருள்ளதைப் பரஸ்தானம் வைக்கலாமா என்றார். அந்தக் காலத்து ராஜாக்கள் தங்கள் குதிரையை முன்னால் அனுப்பினார்கள் என்றேன். எந்த ராஜா என்று அவர் கேட்டிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். கேட்கவில்லை. ஆனால், பைரவர் இரண்டு தரம் தடுத்த பயணம், நீ போய் அவிழ்த்துக்கொண்டு வா என்றார். நான் அசையவில்லை. அம்மா இலையை அனலில் வாட்டிக்கொண்டே இருந்தாள். அப்பா தாமே போய்ச் செருப்பை மாட்டினார்.

அப்போது வாசலில் ஆஸியா உம்மா வந்து நின்றார்.

சங்கிலியில் கட்டிய ஜட்சு வழக்கப்படி ஊளையிட்டிருக்கிறது. மாடுகள் மிரண்டிருக்கின்றன. ஹபீல் நானா அவிழ்த்துவிட்டார். அது வீட்டுக்கு ஓடிவரும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் இருபத்துநாலு மூட்டைகள் பன்னிரண்டு மாடுகளின் முதுகில் ஏறி, வீடு இல்லாத திசையில் போவதைப் பார்த்ததும் ஜட்சுவால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. குரைத்துக்கொண்டே பின்னால் போய்விட்டது. இந்நேரம் ஆற்றுத்துறையைத் தாண்டியிருக்கும்.

அப்பா ஒரு கால் செருப்போடு நின்றார்.

“சால்வையோடயா போயிருச்சு?”

“சால்வையோடதான்.”

“திரும்பிப் பாத்துச்சா?”

“பாக்கல்ல.”

அப்பா வடகிழக்கே பார்த்துக் கைகூப்பினார். பிறகு மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டு, பைரவரே முன்னால் போயாயிற்று, இன்னும் அடுப்படியில் என்ன வேலை என்று எங்களைப் பார்த்துக் கத்தினார். மறுநாள் கிட்டங்கிக்கு லீவு கேட்கவில்லை என்று நான் ஞாபகப்படுத்தினேன். பதினெட்டு வருஷத்தில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள்கூட நிற்காத மனிதர், துரையிடம் பைரவரை விட்டுப் பேசச் சொல் என்றார். வெள்ளச்சிக்கு மூன்று நாளும் யார் சோறு வைப்பது என்று அம்மா தயங்கினாள். ஜன்னல் வழியாக நீளக் கரண்டியில் நீட்டுவதாக ஆஸியா உம்மா ஒப்புக்கொண்டார். கரண்டி மட்டும் எங்களுடையதாக இருக்க வேண்டும் என்றார்.

வழியெல்லாம் அப்பா எங்களுக்கு முன்னால்தான் நடந்தார். ஆற்றுத்துறையில் தோணிக்காரனிடம் தெரிந்த சிங்களத்தில் முதலில் கேட்டது நாயைத்தான். சால்வை போட்ட நாயா என்று அவன் சிரித்தான். மாடுகளோடு தானும் நீந்திப் போயிற்றாம். நனைந்த சால்வையோடா என்று அப்பா மறுபடி கேட்டார். சளி பிடித்துவிடும் என்று எங்களிடம் சொன்னார். ஒரு நாய்க்காக நான் பயணம் போகிறதா என்று செவ்வாய்க்கிழமை கேட்டவர் இவர்தான் என்பதை நான் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை. கட்டுச்சோற்றைக்கூட நடந்துகொண்டே சாப்பிட வைத்தார். மூன்றாம் தரம் கிளறிய புளிச்சோறு அன்றைக்குத்தான் பயணத்தைப் பார்த்தது.

பின்நேரம் அத்தை வீட்டை அடைந்தோம். முற்றத்தில் இறக்கிவைத்த அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், சேறுபட்ட சால்வையோடு ஜட்சு உட்கார்ந்திருந்தது. அத்தை வீட்டு நாய்கள் நாலும் தூரத்தில் நின்று குரைத்துக் களைத்திருந்தன. வழியில் மாடுகள் நின்ற இடமெல்லாம் ஒரு பொதியைப் பல்லால் பற்றிக் கண்டிப் பக்கமாக இழுத்ததாக ஹபீல் நானா சொல்லிவிட்டுப் போயிருந்தார். எங்களைப் பார்த்ததும் அது வாலை ஆட்டவில்லை. இவ்வளவு மூட்டைகளைத் தனியாக எப்படித் தூக்குவது என்று என்னைக் கேட்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தது. அப்பா அதன் கழுத்திலிருந்த முடிச்சை அவிழ்த்து, அந்தச் சால்வையாலேயே அதன் தலையைத் துவட்டினார்.

திங்கட்கிழமை விடிந்தது; கண்டியில் சுடத் தொடங்கியிருப்பார்கள். அம்மா அத்தையின் அடுப்படியிலிருந்து இரண்டு தடவை எட்டி, ஜட்சு முற்றத்தில் இருக்கிறதா என்று பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை நாங்கள் புறப்பட வேண்டும். சாமான்களைக் கட்டி வாசற்படியில் வைத்தேன். குனிந்து செருப்பை மாட்டிவிட்டு நிமிர்ந்தால் என் மூட்டை இல்லை. அத்தை வீட்டுக்குள்ளே, கூடத்தின் நடுவில், ஜட்சு அதன்மேல் படுத்திருந்தது. எடுத்துவந்து வைத்தேன். மறுபடி உள்ளே கொண்டுபோய்விட்டது. மூன்றாம் தரம் எடுக்கப்போனபோது என்னைப் பார்த்து உறுமியது.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது? மாசி வாங்கிக் கொடுத்தவன் நான். ஏழு தரம் கழுவியவரின் முன்னால் போய் நின்று பேசியவன் நான். மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவா என்றுதான் நான் பழக்கினேன். எது வீடு என்பதை இரண்டே நாளில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், அதுவே முடிவு செய்துகொண்டது. முதல் தடவையாகத் தூங்காமல் ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அது எனக்கு எதிராக.

நான் மூட்டையைப் பிடுங்கக் கையை நீட்டினேன். அப்பா என் தோளைத் தொட்டார்.

“இருக்கட்டும், விடு. மூட்ட இங்க இருந்தா பயணம் இன்னும் முடியலன்னு அர்த்தம். திரும்பி வருவோம்.”

வெறுங்கையோடு நடந்து வந்தேன். வீட்டுக்கு வந்து எரவாணத்திலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடினேன். அப்படி ஒரு சாஸ்திரம் அதில் எங்கேயும் இல்லை. அப்பா அதை அந்த வாசற்படியில் நின்று, சொந்தமாக, நல்ல நேரம் பார்க்காமல் சொல்லியிருக்கிறார்.